ஓட்டை பாட்டிலும் இரண்டு டம்ளரும்: வீட்டிலேயே அளந்து பார்க்கும் இயற்பியல்

அடியில் ஓட்டை விழுந்த வாளியை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலில் தண்ணீர் விர்ரென்று பாயும், போகப் போகத் தளரும், அடியில் கிடக்கும் கொஞ்சநஞ்சம் வெளியேறுவதற்குள் பொறுமை போய்விடும். மட்டம் இறங்கினால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் வேகம் குறையும் என்று இயற்பியல் படிக்கும் எவரும் சொல்லிவிடுவார்கள். சரி, முக்கால்வாசித் தண்ணீர் போக எவ்வளவு நேரம், மிச்சக் கால்வாசி போக எவ்வளவு நேரம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

அப்படிக் கண்ணில் பட்டதை எண்ணாக மாற்றிப் பார்க்கும் மூன்று வேலைகள் இங்கே இருக்கின்றன. ஒன்று நூல் ஊசல், இரண்டாவது ஓட்டை பாட்டில், மூன்றாவது சுடுநீர் டம்ளர். தேவைப்படும் கருவிகள்: மி.மீ. கோடு உள்ள ஸ்கேல், அளவு நாடா, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, 100 டிகிரி வரை காட்டும் வெப்பமானி இரண்டு, வீடியோ எடுக்கச் செல்பேசி. அளக்கத் தொடங்கும் முன்பே ‘இவ்வளவு வரும்’ என்று கணக்குப் போட்டு நோட்டில் எழுதிவிடுங்கள், அதுவும் பேனாவால். அளந்த பிறகு எழுதினால் மனசு கணக்கை விடைக்கு ஏற்ப வளைத்துவிடும்.

முதலில் நூல்

இது பழைய பரிசோதனைதான். ஆனாலும் நேரம் அளக்கக் கை பழக இதைவிட நல்லது கிடையாது. நைலான் நூல் இழுபடும். ஒற்றைப் பருத்தி நூல் முறுக்குப் பிரிந்து குண்டைச் சுழற்றும். தையலுக்கான பாலியஸ்டர் நூலை இரட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள். குண்டுக்குப் பெரிய இரும்பு நட்டு ஒன்று போதும். பூட்டு, சாவிக்கொத்து எல்லாம் வேண்டாம். நூல் ஒரு பக்கம் ஆட, அவை தனியாக இன்னொரு ஆட்டம் போடும்.

தொங்கவிடும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆணியில் சுற்றிக் கட்டினால் நூல் ஆடும்போது ஆணியின் வளைவில் கொஞ்சம் சுற்றி, கொஞ்சம் பிரியும். நீளம் எது என்றே சொல்ல முடியாது. இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடிக்க வைத்தால், துண்டுகளின் கீழ் விளிம்பிலிருந்து நீளம் துல்லியமாகத் தொடங்கும். துணிக்கொடியில் தொங்கவிடவே கூடாது. கொடியும் சேர்ந்து ஆடி அலைவு நேரத்தை நீட்டிவிடும்.

விளிம்பிலிருந்து நட்டின் மையம் வரை 100 செ.மீ. வைத்தால் ஓர் அலைவுக்கு, அதாவது குண்டு ஒருமுறை போய்த் திரும்பி வர, 2.01 வினாடி வரவேண்டும். நீளத்தையும் இந்த நேரத்தையும் சூத்திரத்தில் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். ஒரே ஓர் அலைவை அளக்காதீர்கள். பொத்தானை அழுத்துவதில் கை 0.2 வினாடி தவறினால் நேரத்தில் 10 சதவீதப் பிழை, ஈர்ப்பு முடுக்கத்தில் 20 சதவீதப் பிழை. 20 அலைவுகளை அளந்தால் அதே 0.2 வினாடி 40 வினாடியில் கரைந்து, முடுக்கத்தில் ஒரு சதவீதமாகச் சுருங்கும். குண்டு ஓரத்தில் திரும்பும்போது அழுத்த வேண்டாம். அங்கே அது தயங்கி நிற்பதால் எந்தக் கணம் என்று தெரியாது. நடுவில் வேகமாகக் கடக்கும்போது அழுத்துங்கள், பின்னால் ஒரு கோடு வரைந்த தாளை ஒட்டிக்கொண்டால் எளிது.

கடிகாரத்தை அழுத்தும்போது வாயில் வரவேண்டியது ‘பூஜ்ஜியம்’, ‘ஒன்று’ அல்ல. ஒன்று என்று தொடங்கினால் அளப்பது 19 அலைவு, வகுப்பது 20 ஆல். 9.8 வரவேண்டிய இடத்தில் 10.86 வந்து நிற்கும். 10.8, 10.9 என்று விடை வந்திருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம், எண்ணிக்கையைப் பாருங்கள். விடை 9.5 பக்கம் இறங்கினால் வீச்சைச் சந்தேகிக்கலாம். 30 டிகிரி இழுத்து விட்டால் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடும், முடுக்கம் 9.47 என்று வரும். ஒரு மீட்டர் நூலுக்கு 10 செ.மீ. இழுத்தால் போதும்.

25, 50, 75, 100 செ.மீ. நீளங்களுக்கு 20 அலைவு நேரங்கள் முறையே 20.1, 28.4, 34.8, 40.1 வினாடிக்குப் பக்கத்தில் வரவேண்டும். அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடத்தாளில் குறித்தால் மீட்டருக்கு 4.03 சாய்வுள்ள நேர்கோடு. நட்டின் மையத்துக்குப் பதில் முடிச்சு வரை மட்டும் அளந்து 2 செ.மீ. விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். கோடு தொடக்கப்புள்ளி வழியாகப் போகாது, 0.08 உயரத்தில் செங்குத்து அச்சை வெட்டும். சாய்வு மட்டும் மாறவே மாறாது. நீளத்தில் எல்லா முறையும் ஒரே அளவு தவறினால் வரைபடம் அந்தத் தவற்றை வெட்டுத்துண்டில் ஒதுக்கிவைத்துவிட்டு ஈர்ப்பு முடுக்கத்தைச் சரியாகவே கொடுக்கிறது. ஒரே நீளத்தை வைத்துச் சூத்திரத்தில் போட்டவருக்கு இந்த வசதி கிடையாது.

ஓட்டை பாட்டில்

வரி வரியாக மடிப்பு இல்லாத, பக்கம் நேராக இருக்கும் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் வேண்டும். அடியிலிருந்து 4 செ.மீ. உயரத்தில் 3 மி.மீ. துளை. சூடான ஆணியால் குத்துவதுதான் எல்லோர் கைக்கும் முதலில் வரும், ஆனால் அது வேண்டாம். பிளாஸ்டிக் உருகி, துளையைச் சுற்றி உதடு மாதிரி ஒரு விளிம்பு எழும்பும். அந்த உதடு தண்ணீர் போகும் அளவையே மாற்றிவிடும். 3 மி.மீ. துரப்பண முனையை விரலால் திருகியே இந்த மெல்லிய சுவரில் துளை போடலாம். பிசிறை பிளேடால் சீவிவிடுங்கள். துளை 3 மி.மீ.க்குப் பதில் 3.3 ஆகிவிட்டால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். விட்டத்தில் சின்னத் தவறு, கணக்கில் பெரிய அடி.

துளையின் மையத்தைப் பூஜ்ஜியமாக வைத்து மேல்நோக்கி 15 செ.மீ. வரை தாள் ஸ்கேல் ஒன்றைப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டுங்கள். பாட்டிலின் குறுக்குப் பரப்பை விட்டம் அளந்து கண்டுபிடிக்க வேண்டாம். துளையை விரலால் மூடிக்கொண்டு, தராசில் எடை பார்த்த 500 கிராம் தண்ணீரை ஊற்றுங்கள். மட்டம் 10 செ.மீ. ஏறினால் பரப்பு 50 சதுர செ.மீ. இதுதான் நம்பகமான வழி.

இப்போது கணக்கு. துளை வழியே வரும் வேகம், அந்த ஆழத்துக்குச் சமமான உயரத்திலிருந்து விழும் கல் அடையும் வேகமே. இது டாரிசெல்லி 1644இல் எழுதிவைத்த விதி. அதன்படி 15 செ.மீ. மட்டம் துளை வரை இறங்க ஆகும் நேரம்: பாட்டில் பரப்பைத் துளைப் பரப்பால் வகுத்து, 15 செ.மீ. உயரத்திலிருந்து ஒரு கல் விழும் நேரத்தால் பெருக்க வேண்டும். 50 ÷ 0.0707 = 707. கல் விழ 0.175 வினாடி. பெருக்கினால் 124 வினாடி. நோட்டில் எழுதிவிட்டு விரலை எடுங்கள். பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டுக் கையை விலக்கிக்கொள்ள வேண்டும். கையில் பிடித்தால் சுவர் அமுங்கித் தண்ணீரைப் பிதுக்கும். மூடி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச்சும் ஸ்கேலும் மாறி மாறிப் பார்ப்பதை விட, வீடியோ எடுத்துவிட்டு ஒவ்வொரு செ.மீ. கோட்டையும் மட்டம் கடக்கும் நேரத்தைப் பிறகு நிதானமாகக் குறித்துக்கொள்ளலாம்.

124 வராது. இருநூறு வினாடியை ஒட்டி வரும். ‘உராய்வு’ என்று எழுதி மூடிவிடுவது வழக்கம். அது தப்பு, அதையும் அளந்தே காட்டலாம்.

பாட்டிலைக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் ஏற்றி, துளை தட்டிலிருந்து சரியாக 20 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். மட்டம் துளைக்கு மேல் 10 செ.மீ. இருக்கும் கணத்தில் தாரை எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று பாருங்கள். ஆழத்தையும் விழும் உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் தூரம். 10 × 20 = 200, வர்க்கமூலம் 14.1, தூரம் 28.3 செ.மீ. அளந்தால் இதற்கு மிக நெருக்கமாகவே விழும், சில மி.மீ. குறையலாம். உராய்வுதான் காரணம் என்றால் தாரை 60 சதவீத வேகத்தில் வந்து 17 செ.மீ.யிலேயே விழுந்திருக்க வேண்டும். ஆக வேகம் சரியாக இருக்கிறது, வெளியேறும் அளவுதான் குறைகிறது.

காரணம் கண்ணுக்கே தெரியும். தாரைக்குப் பின்னால் டார்ச் வெளிச்சத்தை வைத்து, துளைக்கு வெளியே முதல் இரண்டு மி.மீ.யை உற்றுப் பாருங்கள். செல்பேசியில் மேக்ரோ படமாக எடுத்தால் இன்னும் நல்லது. தாரை துளையின் முழு அகலத்துக்கு வருவதில்லை, வெளியே வந்ததும் இடுப்பு மாதிரி ஒடுங்குகிறது. பாட்டிலுக்குள் தண்ணீர் துளைக்கு நேர் பின்னாலிருந்து மட்டும் வருவதில்லை, சுவரை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்தும் ஓடி வருகிறது. கூரான விளிம்பில் அதனால் சட்டென்று செங்குத்தாகத் திரும்ப முடியாது. உள்நோக்கி வந்த வேகத்தோடே கொஞ்சம் போய்ப் பிறகுதான் நேராகிறது. கூர்விளிம்புத் துளைக்கு இடுப்பின் பரப்பு துளைப் பரப்பில் ஏறக்குறைய 62 சதவீதம், அதாவது 3 மி.மீ. துளைக்கு 2.4 மி.மீ. தாரை. வேகத்தில் ஓரிரு சதவீதம் போக, வெளியேற்றம் 0.6 பங்கு என்று வையுங்கள். 124 ஐ 0.6 ஆல் வகுத்தால் 206 வினாடி. சூடான ஆணியால் துளையிட்டவருக்கு இந்த 0.6 வராது, 0.7, 0.8 என்று ஏதாவது வரும். அது தோல்வியல்ல. இரண்டு பாட்டிலில் இரண்டு விதமாகத் துளையிட்டு ஒப்பிட்டால் அதுவே தனிப் பரிசோதனை.

இனி வாளிக் கேள்வி. மட்டத்தின் வர்க்கமூலம் நேரத்தோடு நேர்கோடாக இறங்கும். 15 செ.மீ. மட்டம் கால்பங்கான 3.75 ஆக, மொத்த நேரத்தில் சரிபாதி, 103 வினாடி. முக்கால்வாசித் தண்ணீர் போன நேரமும் மிச்சக் கால்வாசி போகும் நேரமும் ஒன்றே. இடையில் சரிபார்க்க: 10 செ.மீ.க்கு 38 வினாடி, 5 செ.மீ.க்கு 87 வினாடி.

கடைசி 2 செ.மீ.யைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தாரை தளர்ந்ததும் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு வழியத் தொடங்கும். துளையைச் சுற்றி மெழுகு தேய்த்தால் இது கொஞ்சம் தள்ளிப்போகும். அப்புறம் பரப்பு இழுவிசை. 3 மி.மீ. துளையில் தண்ணீர்த் துளி தாங்கும் அழுத்தம் ஏறக்குறைய ஒரு செ.மீ. நீர்மட்டத்துக்குச் சமம். அதனால் துளை வரை இறங்காமலே ஒழுக்கு நின்றுபோகலாம். ‘முடியும் நேரம்’ என்று ஒன்றை அளக்க முயன்றால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று வரும். 15 முதல் 2 வரை உள்ள புள்ளிகளைக் கோட்டில் வைத்து நீட்டி, கோடு பூஜ்ஜியத்தைத் தொடும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பாட்டிலில் 20 செ.மீ. தண்ணீரும், அடியிலிருந்து 5, 10, 15 செ.மீ. உயரங்களில் மூன்று துளைகளும் வைத்தால் பாடப்படங்களில் அடிக்கடி வரும் ஒரு பிழை பிடிபடும். மேல் துளைத் தாரை கிட்டத்திலும் கீழ்த் துளைத் தாரை தூரத்திலும் விழுவதாக வரைந்திருப்பார்கள். பாட்டில் தட்டோடு ஒரே மட்டத்தில் நின்றால் அது நடக்காது. நடுத்துளை 20 செ.மீ. போகும், மேலும் கீழும் இரண்டுமே 17.3 செ.மீ.யில் ஒரே இடத்தில் விழும். கீழ்த் தாரைக்கு வேகம் அதிகம், விழ நேரம் இல்லை. படம் உண்மையாக வேண்டுமானால் பாட்டிலை 20 செ.மீ. ஏற்றி வையுங்கள். அப்போது கீழிருந்து மேலாக 38.7, 34.6, 26.5 செ.மீ. துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு முறையும் 20 செ.மீ. வரை நிரப்பி அளக்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் மட்டம் இறங்கும் வேகத்தில் அளக்கவே முடியாது.

முதல் பாட்டிலைத் தூக்கிப்போட வேண்டாம். மூடியில் துளையிட்டு ஒரு ஸ்ட்ராவைச் செருகி, சுற்றிலும் எபாக்ஸி பசை வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்தால் மாரியோட் பாட்டில் தயார். ஸ்ட்ராவின் கீழ்நுனி துளைக்கு 5 செ.மீ. மேலே இருக்கட்டும். மட்டம் எவ்வளவு இறங்கினாலும், அந்த நுனிக்கு வரும் வரை தாரை தளராது, 24 வினாடிக்கு 100 மி.லி. வீதம் சீராக ஓடும். காற்று ஸ்ட்ரா வழியாக மட்டுமே உள்ளே வருவதால் நுனியில் எப்போதும் வெளிக்காற்றின் அழுத்தம் நிற்கிறது. தண்ணீருக்குத் தெரியும் உயரம் அந்த 5 செ.மீ. மட்டும்தான். தாரை தளர்ந்துகொண்டே போனால் மூடியில் எங்கோ கசிவு. ஸ்ட்ரா நுனியில் குமிழி வராததே அதற்குச் சாட்சி.

இரண்டு டம்ளர்

ஒரே மாதிரியான, பளபளப்பான இரண்டு எஃகு டம்ளர்களை எடுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். மற்றொன்றின் பக்கம் முழுவதையும் ஒரே ஒரு சுற்று வெள்ளைத் தாளால், இடைவெளி இல்லாமல் இறுக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். இரண்டிலும் 200 கிராம் சுடுநீர். நடுவில் வெப்பமானிக்குத் துளையிட்ட அட்டை மூடி. இரண்டையும் தெர்மோகோல் துண்டின் மேல் வைத்து, மின்விசிறியை அணைத்துவிடுங்கள். 80 டிகிரித் தண்ணீர் தோலை வேகவைத்துவிடும், ஊற்றும்போது டம்ளரைக் கையில் பிடிக்காதீர்கள். எது முதலில் ஆறும்?

தாள் வெப்பத்தைக் கடத்தாது, ஆகவே தாள் சுற்றியது மெதுவாக ஆறும் என்றுதான் எல்லோரும் நோட்டில் எழுதுவார்கள். ஆறுவது அதுதான் முதலில்.

0.1 மி.மீ. தாள் போடும் தடை அற்பம். உண்மையான தடை டம்ளரை ஒட்டி நிற்கும் காற்றுப் படலத்தில் இருக்கிறது. டம்ளர் எஃகா தாளா என்பது கடத்தலைப் பொறுத்தவரை அங்கே எடுபடாது. ஆனால் கதிர்வீச்சில் எடுபடும். இந்த வெப்பநிலையில் தாள் போன்ற மங்கலான பரப்பு, சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 6 முதல் 7 வாட் வரை கதிராக விடும். பளபளப்பான எஃகு அதில் சிறு பங்குதான் விடும். காற்றோட்டம் இல்லாத அறையில் வெப்பச்சலனம் எடுத்துப் போவதும் கிட்டத்தட்ட அதே 6, 7 வாட் என்பதால், தாள் சுற்றியதும் பக்கச் சுவர் வழி போகும் வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. தாளைத் தொளதொளவென்று சுற்றினால் நடுவில் காற்று அகப்பட்டுக்கொண்டு விடை தலைகீழாகிவிடும். ‘எனக்கு வரவில்லை’ என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இரண்டு டம்ளரையும் ஒரே வெப்பநிலையில் தொடங்க மெனக்கெட வேண்டாம். ஒவ்வொன்றும் 70 டிகிரியைக் கடக்கும்போது அதற்கான கடிகாரத்தைத் தொடங்கி, 60ஐக் கடக்கும்போது நிறுத்துங்கள். அதற்கு முன் இரண்டு வெப்பமானிகளையும் ஒரே சுடுநீரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு டிகிரி வித்தியாசம் சாதாரணம், அதை எழுதிவைத்துக் கழித்துக்கொள்ளலாம். குமிழ் டம்ளரின் அடியைத் தொடக்கூடாது. ஒவ்வொரு அளவுக்கும் முன் வெப்பமானியாலேயே இரண்டு சுற்று மெதுவாகக் கலக்குங்கள். கலக்காவிட்டால் மேலே சூடும் கீழே ஆறலுமாகத் தண்ணீர் படிந்து நிற்கும்.

மூடி எதற்கு என்றால், ஆவியாதல் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். இந்த வெப்பத்தில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2,300 ஜூலுக்குச் சற்று மேல் வேண்டும். அதை மீதித் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் போனால் மிச்சம் 199 கிராமும் 2.8 டிகிரி இறங்கும். டம்ளரைத் தராசிலேயே வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, 80லிருந்து 50 வரை எத்தனை கிராம் குறைந்தது என்று பாருங்கள். மொத்தம் போக வேண்டிய வெப்பம் 25,000 ஜூல். 5 கிராம் குறைந்திருந்தால் அதில் கிட்டத்தட்ட பாதி ஆவி கொண்டுபோனது. அடுத்த சுற்றில் மூடிக்குப் பதில் தண்ணீரின் மேல் சில சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். படலம் முழுசாக மூடினால் ஆவி எழுவது நின்று, எடையும் அசையாது.

அறையோடு உள்ள வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவோ அந்த விகிதத்தில்தான் ஆறும் வேகம் என்பது குளிர்தல் விதி. அதைச் சோதிக்க மடக்கை அட்டவணை தேவையில்லை. அறை 30 டிகிரி என்றால், 70லிருந்து 50க்கு வர ஆகும் நேரமும் 50லிருந்து 40க்கு வர ஆகும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டிலும் அறையோடு உள்ள வித்தியாசம் பாதியாகிறது. திறந்த டம்ளரில் இரண்டாவது பாதி நன்றாகவே நீளும், ஆவி தளர்ந்துவிடுவதால். மூடி போட்டாலும் கொஞ்சம் நீளும். வித்தியாசம் குறையக் குறையச் சூடான காற்று மேலெழும் ஓட்டமே மந்தமாகிவிடுகிறது. நியூட்டன் 1701இல் இந்த விதியை வெளியிட்டபோது காற்று சீராக வீசும் இடத்தில் ஆறும் இரும்பைப் பற்றித்தான் பேசினார். மேஜை விசிறியை ஒரு மீட்டர் தள்ளி வைத்து மறுபடி அளந்தால் இரண்டு நேரங்களும் நெருங்கி வரும். கூடவே தாள் டம்ளரின் முந்துதலும் சுருங்கும். சலனம் பெருகியதும் கதிர்வீச்சின் பங்கு சின்னதாகிவிடுகிறது.

கறுப்புத் தாள் சுற்றினால் இன்னும் சீக்கிரம் ஆறுமா என்ற கேள்வி எப்போதும் வரும். இந்த வெப்பத்தில் வெளிவருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அந்த அலைநீளத்தில் வெள்ளைத் தாளும் கறுப்புத் தாளும் ஏறக்குறைய ஒரே அளவு கதிர்விடுவதால் நேரம் மாறாது. சன்னலோரத்தில் வெயில் படும்படி வைத்துவிட்டால் மட்டும் கறுப்பு பின்தங்கும், வெயிலை வாங்கிக்கொள்வதால். எனவே இந்தச் சுற்றை இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தாள் நனைந்திருந்தால் புதிது சுற்றிவிட்டுத் தொடங்குங்கள்.